பட்டறைக்காரர் பதில்கள்: மின்சார வண்டி வாங்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கார்புரேட்டரும் செயினும் ஓரமாக ஒதுங்கிவிட்டன. எல்லாருக்கும் மின்சார வண்டி மேல்தான் கண். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கையில் கொஞ்சம் பணம் புரண்டால், முதலில் கூரையை மாற்றுவார்கள், அடுத்து மோட்டாரை மாற்றுவார்கள். அந்த இரண்டாவது ஆசைக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருப்பதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பட்டணத்துக் கடை ஒன்றில் எண் பட்டை இல்லாத மின்சார ஸ்கூட்டர் 2,800 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். “இது சைக்கிள் கணக்குத்தான் அக்கா, லைசென்ஸ் வேண்டாம், சாலை வரி வேண்டாம்” என்கிறார் கடைக்காரர். சந்தைக்கும் கோயிலுக்கும் போக வேண்டும், பேத்தியைத் தமிழ்ப்பள்ளியில் விட வேண்டும். வாங்கலாமா?
*வாசகி, ஈவூட் தோட்டம்*

வேண்டாம் அம்மா.

அந்த வண்டியை நானும் பார்த்திருக்கிறேன். இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் இரண்டு பெடல்கள் பிளாஸ்டிக் பையோடு கிடக்கும். அவற்றைக் காட்டித்தான் ‘சைக்கிள்’ என்கிறார்கள். கடைக்காரரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: பெடலை மாட்டி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, அவரே அதை ரயில் நிலையம் வரை மிதித்துக்கொண்டு போய் வரட்டும். முதல் சந்திப்பு தாண்டுவதற்குள் இறங்கித் தள்ளுவார். ஐம்பது, அறுபது கிலோ எடையும் அகலமான இருக்கையும் உள்ள வண்டியை மனிதன் மிதிக்க முடியாது. மிதிக்க முடியாததைச் சைக்கிள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சாலையில் மறிக்கும் அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடையில் மூன்று வகை வண்டிகளை ஒரே வரிசையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒன்று, உண்மையான மின்சார சைக்கிள். நாம் மிதித்தால்தான் மோட்டார் கை கொடுக்கும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும். பொதுவாக 250 வாட் மோட்டார். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி தானாக நின்றுவிடும். இரண்டாவது, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு செய்து, எண் பட்டையும் கெரானும் (பதிவுச் சான்றிதழ்) காப்புறுதியும் உள்ள மின்சார மோட்டார் சைக்கிள். மூன்றாவது, இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கும் இந்த ரகம். 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகளின்படி, மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு ரக வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டத் தடை இருக்கிறது. கடையில் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். விற்பது ஒன்று, சாலையில் ஓட்டுவது வேறு. பிடிபட்டால் வண்டியின் பக்கத்தில் நிற்கப்போவது கடைக்காரர் அல்ல, நீங்கள்.

தோட்டத்துக்குள் ஓட்டினால் யார் கேட்பார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சந்தை தோட்டத்துக்குள்ளா இருக்கிறது அம்மா?

அபராதத்தை விட எனக்குப் பெரிய கவலை காப்புறுதி. எண் பட்டை இல்லாத வண்டிக்கு மோட்டார் காப்புறுதி எழுதித் தர மாட்டார்கள். நீங்கள் ஒரு முதியவரை இடித்துவிட்டால் மருத்துவச் செலவு உங்கள் கையிலிருந்து போகும். பேத்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய சாலையைக் கடக்க அது வண்டியே அல்ல.

உங்களுக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் இருந்தால் பதிவு உள்ள வண்டியாக வாங்குங்கள், பேத்திக்குத் தலைக்கவசமும் வாங்குங்கள். உரிமம் இல்லையென்றால் சந்தைக்கு மட்டும் மின்சார சைக்கிள் போதும். பேத்தி பள்ளி வேனிலேயே போகட்டும்.

பாதுகாவலர் வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்குப் போக வர 45 கிலோமீட்டர், மாதம் 26 நாள். கப்சாயை (சிறிய பெட்ரோல் மோட்டார் சைக்கிளை) விற்றுவிட்டு மின்சார மோட்டார் சைக்கிள் வாங்கினால் எவ்வளவு மிஞ்சும்?
*வாசகர், தாமான் துன் சம்பந்தன்*

காகிதத்தை எடுங்கள் ஐயா, சேர்ந்தே போடுவோம்.

மாதம் 1,170 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள கப்சாய் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும். ஆக 26 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய பூடி 95 என்ற பெட்ரோல் சலுகைத் திட்டத்தில் மைகாட்டை (அடையாள அட்டையை) காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மாதச் செலவு 52 வெள்ளி.

மின்சார மோட்டார் சைக்கிள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட்-மணி வரை தின்னும். நடுவில் 30 என்று வைத்தால் மாதம் 35 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்து 40 யூனிட் என்போம். 2025 ஜூலையில் மாறிய கட்டண முறையில் சாதாரண வீடுகளுக்கு யூனிட் 44 காசு சொச்சம் வருகிறது. குறைவாகப் பயன்படுத்துகிற வீடுகளுக்கு அதிலும் கழிவு உண்டு. கழிவைக் கணக்கில் சேர்க்காமல் 45 காசு என்றே போட்டாலும் 18 வெள்ளி.

மிச்சம் 34 வெள்ளி. வருடத்துக்கு 400 வெள்ளி சொச்சம். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு வருடத்தில் ஐந்தாறு தடவை மாற்ற வேண்டியிருக்கும், அதில் ஒரு 150 வெள்ளி. எப்படிச் சுற்றினாலும் வருடம் 600 வெள்ளிக்குள்தான். புதிய மின்சார வண்டிக்கு உங்கள் கையிலிருந்து 3,000 வெள்ளி கூடுதலாகப் போகிறது என்றால், அதை மீட்கவே ஐந்து வருடம் ஆகும். இடையில் பேட்டரி மாற்ற நேர்ந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் பெட்ரோலை மிச்சப்படுத்த வண்டி வாங்குவது வீண் வேலை. அந்தச் சலுகை விலை மாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கும் மாறும்.

உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் போகிற பாதை பழைய கூட்டரசுச் சாலை. இரவு வேலை முடிந்து வரும் நேரத்தில் லாரிகள் பின்னால் நெருக்கிக்கொண்டு வரும். மலிவான மின்சார வண்டிகள் பல மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகத் திணறுகின்றன. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியதும் அந்த வேகமும் வராது. அந்தச் சாலையில் லாரிக்கு முன்னால் மெதுவாகப் போவது விபத்தைக் கூப்பிடுவது. கப்சாயை வைத்துக்கொள்ளுங்கள். செயினையும் பல்சக்கரங்களையும் ஒரு தரம் மாற்றுங்கள். அது இன்னும் பல வருடம் ஓடும்.

மின்சாரம் யாருக்குப் பொருந்தும் என்றால், பட்டணத்துக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு. காலையில் நாசி லெமாக் பொட்டலம் போடுகிறவர், பத்திரிகை போடுகிறவர், வீடு வீடாகப் பால் கொடுக்கிறவர். நூறு கஜத்துக்கு ஒரு தரம் நின்று கிளம்பும் வேலையில் பெட்ரோல் எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்படும், எண்ணெய் சீக்கிரம் கெடும், கிளட்ச் தேயும். மின்சார வண்டிக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

அரசாங்கம் 2,400 வெள்ளி தருகிறதாமே, உண்மையா?
*வாசகர், லிந்தாங்*

2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த சலுகை அது. ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு, உள்நாட்டில் பொருத்தப்பட்ட மின்சார மோட்டார் சைக்கிளுக்கு. தோட்டத்து வருமானத்தில் அந்த வரம்பை நாம் தொட மாட்டோம், அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஒதுக்கீடு. அது முடிந்துவிட்டால் கடைக்காரர் வாயால் சொன்னது எதுவும் செல்லாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இந்த வண்டிக்கு இப்போது சலுகை இருக்கிறதா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, மின்சார வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கு 2025 முடிவோடு முடிந்துவிட்டது. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட் சக்தியை வைத்து வரி. சிறிய வண்டிக்குப் பெரிய தொகை வராது. ஆனால் “வாழ்நாள் முழுக்க வரி இல்லை” என்று இன்னும் பேசுகிற விற்பனையாளர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் பேசுவார்.

கடையில் ‘72 வோல்ட், 20 ஆம்பியர், 100 கிலோமீட்டர் ஓடும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதே அளவுள்ள இன்னொரு வண்டி 1,500 வெள்ளி அதிகம். என்ன வித்தியாசம்?
*வாசகர், சங்காட் சாலாக்*

இந்த மாதம் வந்ததிலேயே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் நீங்கள்தான் தம்பி. மின்சார வண்டி வாங்குவது என்றால் பேட்டரி வாங்குவது. மற்ற இரும்பும் பிளாஸ்டிக்கும் அதைச் சுமக்க வந்தவை.

முதலில் அந்த 100 கிலோமீட்டரைப் பார்ப்போம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 72ஐ 20ஆல் பெருக்கினால் 1,440 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 30 வீதம் வகுத்தால் 48. அதுதான் உண்மை ஓட்டம். 100 என்பது ஒல்லியான ஆள் ஒருவர், காற்றே இல்லாத சமதரையில், மணிக்கு 20 கிலோமீட்டரில் உருட்டிய கணக்காக இருக்கும். பின்னால் மனைவியும் முன்னால் 14 கிலோ எரிவாயு உருளையும் இருந்தால் நாற்பதும் கஷ்டம்.

அடுத்து அந்த 1,500 வெள்ளி. மலிவான வண்டியில் இருப்பது ஈய அமிலப் பேட்டரி, விலை அதிகமானதில் இருப்பது லித்தியம் என்று அடித்துச் சொல்வேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். 12 வோல்ட் ஈயப் பெட்டி ஒன்று ஆறு, ஏழு கிலோ. 72 வோல்ட்டுக்கு ஆறு பெட்டி. மிதிபலகைக்குக் கீழே மட்டும் நாற்பது கிலோ உட்கார்ந்திருக்கும்.

சென்ற வாரம் அப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. முழுச் சார்ஜ் காட்டுகிறது, தெரு முனை தாண்டினால் படுத்துவிடுகிறது என்றார் உரிமையாளர். மிதிபலகையின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே செம்மண் தூசி படிந்த ஆறு கறுப்புப் பெட்டிகள். மீட்டரை வைத்தால் ஐந்து பெட்டிகள் 12.8, 12.9 என்று காட்டின. நான்காவது மட்டும் 11.4. அதன் பக்கச் சுவர் உப்பியிருந்தது, மூடியின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு, முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. கம்பியைத் தொட்டதும் இணைப்பு முனை உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. ஆறும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று மடங்கினால் போதும், மற்ற ஐந்தும் உழைத்துப் பயன் இல்லை. “அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள் அண்ணே” என்றார். மாற்றலாம். ஆனால் பழைய ஐந்தோடு புதியது ஒன்று சேரும்போது, சார்ஜர் ஒன்றை அரைப் பசியில் விடும், மற்றதை அளவுக்கு மேல் ஊட்டும். சில மாதங்களில் அடுத்த பெட்டி உப்பும்.

ஈயப் பேட்டரியை தினமும் அடிவரை வடித்து ஏற்றினால் சுமார் 300 முதல் 500 தடவை தாங்கும். நம் ஊர் வெப்பத்தில், தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு ஒன்று, ஒன்றரை வருடம். பாதி வடிவதற்குள் சார்ஜ் போட்டுவிடும் பழக்கம் இருந்தால் கொஞ்சம் நீளும். லித்தியத்திலும் இரண்டு ரகம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பது கொஞ்சம் கனமானது, 2,000 தடவையை எட்டும், எளிதில் தீப்பிடிக்காது. நிக்கல் கலந்த மற்ற ரகம் இலேசானது, ஆயுள் அதைவிடக் குறைவு, சூட்டுக்கு முரண்டு பிடிக்கும். உங்கள் கடைக்காரர் ‘லித்தியம்’ என்று மட்டும் சொன்னால் எந்த ரகம் என்று கேளுங்கள். விழித்தால் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் தாளை நீங்களே படியுங்கள்.

அதோடு இதையும் கேளுங்கள்: “இந்தப் பேட்டரி செத்தால் புதியது என்ன விலை, எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும்?” மூன்றுக்கும் ரசீதின் பின்புறத்தில் பதில் எழுதிக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். 1,500 வெள்ளி அதிகம் கேட்டாலும் அங்கேயே வாங்குங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. மேட்டுப் பகுதி, செம்மண் பாதை. மின்சார சைக்கிள் ஏறுமா?
*வாசகர், ஜாலோங் பக்கம்*

ஏறுவது சரிவைப் பொறுத்தது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ. பத்து அடிக்கு ஓர் அடி உயரும் மேடு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே ஏறக்குறைய 270 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரால் தனியாக முடியாது, நீங்களும் மிதித்தாக வேண்டும். மழை பெய்து சகதியானால் இன்னும் அதிகம் கேட்கும்.

மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ரகம் மலிவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் நீண்ட மேட்டில் மெதுவாக இழுக்கும்போது சூடாகும். கையை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே கம்பிச் சுருள் கருகும். பெடல் அச்சில் மோட்டார் உள்ள ரகம் கியரைப் பயன்படுத்தி ஏறுவதால் மேட்டுக்கு ஏற்றது. விலை கூடுதல், செயின் சீக்கிரம் தேயும். உங்கள் வேலைக்கு அந்த இரண்டாவது ரகம்தான். டயர் அகலமாக, முட்களோடு இருக்க வேண்டும். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் இல்லாததைத் தொடவே வேண்டாம். ஏற்றத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஈரச் செம்மண்ணில் இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பால் வாளிகளைச் சுமந்து இறங்குவதற்கு இன்றைக்கும் கப்சாயை அடிக்க வண்டி இல்லை.

மழையில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா?
*வாசகி, டோவன்பி தோட்டம்*

ஒழுங்காகச் செய்த வண்டியில் அடிக்காது தங்கச்சி. வண்டிதான் கெடும். விவரத் தாளில் ஐபி என்று போட்டு இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாய் நீரை. 7 என்றால் சற்று நேரம் மூழ்கினாலும் தாங்கும். மோட்டாருக்கு ஓர் எண்ணும் மின்பலகைக்கு வேறோர் எண்ணும் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். மழையில் ஓட்டலாம். சக்கரத்தின் அச்சு மூழ்கும் வெள்ளத்தில் இறங்க வேண்டாம். அச்சின் வழியாகப் போகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மோட்டாருக்குள் நுழைந்துவிடும். கார் கழுவும் கடையில் கொடுத்து அழுத்த நீரில் அடிக்கவே கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

வேலை முடிந்து இரவு பத்து மணிக்குச் சார்ஜ் போட்டுக் காலையில் எடுக்கிறேன். லயத்து வீடு, கூடத்தில்தான் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனின் சார்ஜரும் என்னுடையதும் 48 வோல்ட் என்பதால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். சரிதானே?
*வாசகர், கமுனிங் தோட்டம்*

தம்பி, இதைப் படித்த நிமிடத்திலிருந்து அந்தச் சார்ஜரைத் தொடாதீர்கள்.

48 என்று எழுதியிருப்பது பேட்டரியின் பெயர் போலத்தான். உள்ளே ஏறும் மின்னழுத்தம் ரகத்துக்கு ரகம் வேறு. 13 அடுக்கு (13 செல்கள் தொடராக உள்ள), நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரிக்கு 54.6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். நான்கு ஈயப் பெட்டிகளுக்கான சார்ஜர் 58, 59 வரை தள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 16 அடுக்குக்கு 58.4. மூன்றின் மேலும் ‘48 வோல்ட்’ என்றுதான் அச்சடித்திருக்கும், செருகும் முனையும் பொருந்திப் போகும். அண்ணனுடையது ஈயம், உங்களுடையது அந்த 13 அடுக்கு லித்தியம் என்றால் நீங்கள் ஒவ்வோர் இரவும் பேட்டரிக்குள் நான்கு வோல்ட் அதிகமாகத் திணிக்கிறீர்கள். உள்ளே இருக்கும் காப்புப் பலகை ஒரு நாள் தடுக்கும், ஒரு நாள் தடுக்காது. சார்ஜரின் முதுகில் ‘அவுட்புட்’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். வண்டியோடு வந்த சார்ஜர் கெட்டால் அதே எண் உள்ளதை, சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரையோடு வாங்குங்கள்.

கூடத்தில் வைப்பது பற்றி. லயத்து வீட்டில் கூடத்தைத் தாண்டித்தான் வாசல். லித்தியம் பேட்டரி பற்றினால் புகை நிமிடங்களில் வீட்டை நிரப்பும். தீ வாசல் பக்கம், பிள்ளைகள் உள்ளறையில் என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. சுவரும் கூரையும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை வேறு. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் வெளித் திண்ணையில், சிமெண்டுத் தரையில், மழை படாத இடத்தில் வைத்துச் சார்ஜ் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். தூங்கப் போவதற்கு முன் முடிகிற மாதிரி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே நீளக் கம்பி இழுத்து, அதில் அரிசி குக்கரும் விசிறியும் சார்ஜரும் சேர்ந்து தொங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். சுவரில் உள்ள மூன்று துளைப் பிளக்கில் தனியாகச் செருகுங்கள்.

பேட்டரி உப்பினாலோ, இனிப்பும் காரமுமாக ஒரு வாடை வந்தாலோ, தொட்டுப் பார்க்க வேண்டாம். புகை கிளம்பிவிட்டால் எல்லாரையும் வெளியே கொண்டு வந்துவிட்டு 999க்கு அழையுங்கள். வண்டியைக் காப்பாற்ற உள்ளே ஓடாதீர்கள்.

மூன்றாம் படிவம் படிக்கும் மகன், நண்பன் வைத்திருக்கிறான் என்று மின்சார ஸ்கூட்டர் கேட்டு அடம் பிடிக்கிறான்.
*வாசகி, சுங்கை சிப்புட்*

பதினாறு வயதாகாமல் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க முடியாது. எண் பட்டை இல்லாததைப் பற்றி மேலே ஈவூட் வாசகிக்குச் சொன்னதே. சாதாரண சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

ஈப்போவில் உணவு விநியோகம் செய்தவர் தன் மின்சார மோட்டார் சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறார். ஒரு வருடம்தான் ஓட்டியதாம். எடுக்கலாமா?
*வாசகர், சுங்கை சிப்புட்*

விநியோக வேலையில் ஒரு வருடம் என்பது வீட்டு ஓட்டத்தில் மூன்று, நான்கு வருடம். ஓடிய கிலோமீட்டரைப் பாருங்கள். கெரானில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தி வைத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டுவார். அதில் ஒன்றும் தெரியாது, செத்த பேட்டரியும் வெறும் சக்கரத்தைச் சுற்றும். முழுச் சார்ஜில், உங்களைவிடக் கனமான ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மேம்பாலச் சரிவில் ஏறுங்கள். ஏறும்போது மீட்டரில் பேட்டரிக் கோடுகள் சடசடவென்று இறங்கி, சமதரை வந்ததும் மறுபடி ஏறினால், பேட்டரி களைத்துவிட்டது. 72 வோல்ட் ஈயப் பேட்டரி அந்தச் சரிவில் 63க்குப் பக்கம் போனால் வண்டியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதிய பேட்டரியின் விலையை அவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள். அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார். நல்லது, நீங்களும் சம்மதிக்க வேண்டாம்.

பேட்டரி மாற்று நிலையங்களில் காலிப் பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை எடுக்கும் ரக வண்டியா என்றும் கேளுங்கள். அந்த நிலையங்கள் பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் நெருக்கமாக இருக்கின்றன. சுங்கை சிப்புட்டில் அந்த வண்டியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

வாங்கிய ஐந்தாம் மாதமே பேட்டரி போய்விட்டது. ஒரு வருட உத்தரவாதம் என்று சொன்ன கடை, இப்போது “பேட்டரிக்கு இல்லை, மோட்டாருக்கு மட்டும்” என்கிறது.
*வாசகர், லாசா*

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? ‘ஒரு வருட உத்தரவாதம்’ என்று மட்டும் இருந்து, பேட்டரி விலக்கு என்று எங்கும் இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவானது. சண்டை போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் கோருரிமை நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீது, விளம்பரத் தாள், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள், என்னிடமும் கூட. பிரித்துவிட்டால் “வெளியாள் கை வைத்துக் கெடுத்தது” என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

மனுக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னவுடனேயே சில கடைகளில் புதிய பேட்டரி வந்துவிடுவதும் உண்டு.

எந்த பிராண்டு நல்லது?
*கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேர்*

எதன் பிரேக் கட்டையும் கண்ட்ரோலரும் (மோட்டாரை இயக்கும் மின்பலகை) ஈப்போவுக்குப் போகாமல் இங்கேயே கிடைக்கிறதோ அது.

மின்சார வண்டி வாங்கிவிட்டேன். எல்லாம் சரி. சத்தமே இல்லாததால் லயத்துப் பாதையில் கோழி, பிள்ளை, பாட்டி யாரும் நகர்வதில்லை. ஹாரன் அடித்தால் பாட்டி திட்டுகிறார்.
*வாசகர், எல்பில் தோட்டம்*

சைக்கிள் மணி ஒன்று வாங்கிக் கைப்பிடியில் மாட்டுங்கள். பழைய சாமான் கடையில் பித்தளை மணி கிடைத்தால் இன்னும் நல்லது, சத்தம் தூரம் போகும், பாட்டிக்கும் கோபம் வராது. முன்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். லயத்துக்குள் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், கோழிக்கு நஷ்டஈடு கொடுத்து முடியாது.